காவிரி நாட்டில் குருதிப் பழி

கொலை செய்தவனை அந்தக் கொலையே பின்தொடரும் என்ற நம்பிக்கை காவிரிப் படுகையில் மிகப் பழையது. உறையூரிலிருந்து பூம்புகார் வரை, திருவையாற்றிலிருந்து வேதாரணியம் வரை, தலபுராணங்களிலும் கல்வெட்டுகளிலும் ஊர் எல்லைக் கோயில்களிலும் அதன் தடயங்கள் கிடைக்கின்றன. தந்தையின் காலை வெட்டிய மகன், மகன்மேல் தேரை ஏற்றிய தந்தை, அண்ணன் கொலைக்கு ஆண்டுகள் கழித்துக் கணக்குத் தீர்த்த தம்பி என்று இவர்களையெல்லாம் தனித்தனிக் கதைகளாகவே தமிழர் கேட்டு வந்திருக்கிறார்கள். சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, சிந்திய ரத்தத்தின் பழி எங்கே போய் நிற்கும் என்ற ஒரே கேள்வியை அவை சுற்றி வருவது தெரிகிறது.

இந்தக் கேள்வியை விடாமல் கேட்ட இன்னொரு நாட்டார் பழைய கிரேக்கர். அட்ரியஸ் தன் தம்பி தையஸ்டஸுக்கு அவன் பிள்ளைகளையே கறியாகச் சமைத்துப் போட்டான். அட்ரியஸின் மகன் அகமெம்னன் போருக்குக் காற்று வேண்டிப் பெற்ற மகளைப் பலியிட்டான். அதற்காக மனைவி கிளைட்டம்நெஸ்ட்ரா அவனைக் கொன்றாள். தந்தைக்காக மகன் ஓரெஸ்டஸ் தாயைக் கொன்றான். தாயின் ரத்தத்துக்குப் பழிவாங்க எழுந்த எரினியர் என்னும் பழித்தெய்வங்கள் அவனை நாடு நாடாக விரட்டின. கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் முத்தொடர் நாடகம் இந்தச் சங்கிலியை ஏதென்ஸ் நகரின் அரியோபகஸ் குன்றில் ஒரு நீதிமன்றம் கூட்டி அறுக்கிறது. வாக்குகள் சமமாக விழ, அதீனா தெய்வத்தின் வாக்கால் ஓரெஸ்டஸ் விடுபடுகிறான். எரினியருக்கு அந்நகரிலேயே இருப்பிடமும் வழிபாடும் தரப்படுகின்றன. இந்தக் கடைசிப் பகுதியைச் சோழநாட்டுக் கதைகளோடு ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது. பழியை அழிக்க முடியாது, அதற்கு ஓர் இடம் கொடுத்து உட்கார வைக்கலாம் என்ற முடிவுக்கு இரு நாட்டாரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். காவிரிக் கரையில் அந்த இடம் பெரும்பாலும் கோயில்.

காலத்தால் முந்திய சான்றுகள் சங்கப் பாடல்கள். அவற்றில் சோழர் குடிக்குள் நடந்த பகைகள் பல வருகின்றன. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனுக்கு எதிராக அவன் பிள்ளைகளே படை திரட்டினார்கள். அவனும் போருக்குக் கிளம்பினான். பிள்ளைகள் தோற்றால் நாட்டை யாருக்கு விட்டுப் போவாய், நீ தோற்றால் பகைவர் மகிழ்வாரே என்று புல்லாற்றூர் எயிற்றியனார் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவன் வாளைக் கீழே வைத்தான்; வடக்கிருந்து உண்ணாமல் உயிர்விட்டான். பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் வந்து அவனோடு இருந்து இறந்ததைத்தான் பள்ளிப் பாடங்கள் சொல்லும், நட்புக்கு இலக்கணமாக. ஆனால் அந்த மரணத்தின் வேர், பெற்ற பிள்ளைகளின் ரத்தத்தைச் சிந்த மாட்டேன் என்ற தந்தையின் முடிவில் இருக்கிறது. ஈடிபஸின் மகன்கள் எட்டியோக்லீஸும் பாலினைசஸும் தீப்ஸ் நகர வாசலில் ஒருவரை ஒருவர் குத்திச் செத்த கதைக்கு இது நேர் எதிரான முடிவு.

நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூர்க் கோட்டைக்கு உள்ளும் புறமும் நின்று மோதியபோது நடுவில் போய் நின்றவர் கோவூர் கிழார். இருவர் சூடியிருப்பதும் ஆத்தி மாலை, யார் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்பது அவர் வாதம். நெடுங்கிள்ளி காரியாற்றில் இறந்தான் என்பது அவன் அடைமொழியிலேயே பதிந்திருப்பதால், அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை என்று கொள்ளலாம். அதே புலவர் இன்னொரு முறை வென்றார். கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இட ஏற்பாடு செய்திருந்தான். யானையைக் கண்டதும் அழுகையை மறந்து வேடிக்கை பார்த்த குழந்தைகளைச் சுட்டிக்காட்டி, புறாவுக்காகத் தன் உடலைக் கொடுத்தவன் வழியில் வந்தவனா இதைச் செய்வது என்று கேட்டு அவர்களை மீட்டார். தந்தையின் பகை பிள்ளைகளின் தலைமேல் விழுவதைக் கிரேக்கக் கதைகள் தடுக்க முடியாத விதியாகக் காட்டுகின்றன. இங்கே ஒரு புலவன் எழுந்து நின்று தடுத்தான் என்பது புறநானூற்றின் பெருமைகளில் ஒன்று.

திருவாரூர்க் கதை எல்லாருக்கும் தெரிந்தது. இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு அரண்மனை ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். இதை விரிவாகச் சொன்னவர் இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழார் (12ஆம் நூற்றாண்டு). அதற்கு வெகுமுன்பே சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் ஊர்ப் பெருமையாக இதைச் சொல்கிறாள். இலங்கையின் மகாவம்சம், சோழநாட்டிலிருந்து வந்து 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன் செய்ததாகவும் இதையே கூறுகிறது. கதை எந்த மன்னனுக்கு உரியது என்பதைவிட, இரு கரையிலும் நீதி என்றதும் இதுவே நினைவுக்கு வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பெரியபுராணத்தில் இந்தக் கதையின் நடுப்பகுதி அதிகம் பேசப்படாதது. பசுவைக் கொன்றவர்க்கு நூல்கள் சொல்லும் பிராயச்சித்தத்தை இளவரசனும் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் வழி காட்டுகிறார்கள். அரசன் அதை ஏற்கவில்லை. வேறொருவன் கொன்றால் உயிரை வாங்குவேன், என் மகனென்றால் சடங்கு செய்து விடுவேனா என்பது அவன் கேள்வி. தேரை ஓட்டச் சொல்லப்பட்ட அமைச்சன் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை விட, அரசனே தேரேறுகிறான். ஒரு கன்றுக்கு ஈடாக இரண்டு உயிர்கள் போகின்றன. இறைவன் வீதியில் தோன்றி மூவரையும் எழுப்பாவிட்டால் இந்தக் கணக்கு எங்கும் நின்றிருக்காது. பழிக்குப் பழி என்ற முறையைக் கடைசி வரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதைச் சேக்கிழார் அறிந்தே எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. திருவாரூர்க் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே நிற்கும் கல்தேரும், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிலையும் அரசனின் நேர்மையை மட்டுமே காட்டுகின்றன. அமைச்சனின் இறப்பைச் சொல்ல நூலுக்குள் போக வேண்டியிருக்கிறது.

இதற்கு மறுமுனையில் நிற்பது சண்டேசர் கதை. மண்ணியாற்றங்கரையில் சேய்ஞலூர் விசாரசருமர் என்ற சிறுவன் மாடு மேய்க்கப் போன இடத்தில், ஆத்தி மரத்தடியில் மணலால் லிங்கம் அமைத்துப் பால் ஊற்றி வழிபட்டான். பால் வீணாவதாக ஊரார் புகார் சொல்ல, தந்தை எச்சதத்தன் வந்து மகனைக் கோலால் அடித்தான். பாற்குடத்தைக் காலால் உதைத்தான். மகன் அருகில் கிடந்த கோலை எடுக்க, அது மழுவாக மாறித் தந்தையின் கால்களைத் துணித்தது. கிரேக்கத்தில் இப்படி ஒருவன் இருந்திருந்தால் எரினியர் அவனை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள். இங்கே சிவன் அவனைத் தன் மகனாக ஏற்றுக் கொன்றை மாலை சூட்டினார். கங்கைகொண்ட சோழபுரத்தின் வடக்குச் சுவரில் அந்தக் காட்சி முழு அளவில் செதுக்கப்பட்டிருக்கிறது: குனிந்து கைகூப்பிய சிறுவனின் தலையில் இறைவன் மாலையைச் சுற்றுகிறார், உமை பக்கத்தில் இருக்கிறாள். இத்தோடு நிற்கவில்லை. சோழர் காலத்தில் சிவன் கோயில் நிலங்களை விற்பதும் வாங்குவதும் ஆதிசண்டேசுவரர் பெயரிலேயே நடந்தன. தந்தையின் ரத்தம் படிந்த கை கோயில் சொத்துக்கெல்லாம் பொறுப்பேற்றது. இன்றும் பக்தர்கள் அவர் சன்னதியில் கைகளைத் தட்டிக்காட்டி, கோயிலிலிருந்து எதையும் கொண்டுபோகவில்லை என்று அவரிடமே கணக்குக் கொடுக்கிறார்கள்.

தாயைக் கொன்றவனுக்கும் கொள்ளிடத்தின் வடகரையில் ஓர் ஊர் உண்டு. ஜமதக்னி முனிவரின் சொல்லுக்காகப் பரசுராமர் தாய் ரேணுகையின் தலையை வெட்டினார். அந்தப் பாவம் தீர வழிபட்ட இடம் கீழப்பழுவூர் என்பது தலபுராணம். அப்பல்லோவின் சொல்லுக்காகத் தாயைக் கொன்ற ஓரெஸ்டஸுக்கு இவ்வளவு நெருங்கிய கதை இந்தியாவில் வேறில்லை. பரசுராமரின் தாய் வரத்தால் உயிர் பெறுகிறாள். ஆனால் கார்த்தவீரியன் பிள்ளைகள் ஜமதக்னியைக் கொன்றபோது எழுந்த பழிக்கு 21 தலைமுறை அரசர்கள் பலியானார்கள்.

பின்தொடரும் பழிக்கு உருவமே கொடுத்த இடம் திருவிடைமருதூர். வேதாரணியத்தில் பிறந்த பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் கதையைச் சொல்கிறார். வரகுண பாண்டியன் வேட்டையாடித் திரும்பும்போது, வழியில் உறங்கிக் கிடந்த அந்தணன் ஒருவன் குதிரையின் காலடியில் பட்டு இறந்தான். அரசனுக்குத் தெரியாமல் நடந்த சாவுதான். ஆனாலும் பிரமகத்தி அவனைப் பற்றிக்கொண்டது. தானங்களும் சடங்குகளும் பலிக்கவில்லை. சோழன் படையெடுத்து வருவான், அவனைத் துரத்திக்கொண்டு போகும்போது இடைமருதூரை அடைவாய் என்று சொக்கநாதர் சொன்னபடியே நடந்தது. கிழக்கு வாசலில் அரசன் உள்ளே நுழைய, பிரமகத்தி உள்ளே வர முடியாமல் வெளியே நின்றது. மேற்கு வாசலால் வெளியேறு என்று இறைவன் கட்டளையிட்டார். அது இன்னும் அவன் திரும்பி வருவானென்று கிழக்கு வாசலில் காத்திருப்பதாக நம்பிக்கை. அதன் உருவமும் அங்கே இருக்கிறது. கும்பகோணம் பக்கத்து மக்கள் இன்றும் கிழக்கு வாசலால் போனால் அதே வழியில் திரும்புவதில்லை. வாசலில் விட்டது மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து அடுத்த வாசலுக்கு அழைத்துப் போவார்கள். பழி அழிந்துவிட்டதாக இந்த வழக்கம் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கிறது, வழி தெரிந்தவர் தப்பிக்கலாம் என்பதே இதன் பொருள். பக்கத்து ஊரான திருபுவனத்தின் கம்பகரேசுவரர், நடுக்கம் தீர்த்தவர் என்று பெயர் பெற்றதற்கும் இதே வகைக் கதை உண்டு.

வேதாரணியத்தில் இதன் இணை இருக்கிறது. ராவணனைக் கொன்று திரும்பிய ராமனை வீரகத்தி என்ற பழி துரத்தி வந்தது. அதை விரட்டியவர் அந்தக் கோயிலின் வீரகத்தி விநாயகர். கர தூடணரைக் கொன்ற பாவத்துக்கு ராமன் அமைத்த 108 லிங்கங்கள் என்று பாபநாசம் கோயில் பெயர் பெற்றது. கடவுளுக்கும் விலக்கில்லை என்று சொல்வது திருக்கண்டியூர். பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த சிவனின் கையில் மண்டையோடு ஒட்டிக்கொண்டது. அட்டவீரட்டத் தலங்களில் ஒன்றான அவ்வூர்ச் சிவன் கோயில் அந்தக் கொலையின் நினைவு. அரன் சாபம் தீர்த்த பெருமாள் கோயில் அதன் பழி தீர்ந்த இடம். கொலையும் தீர்வும் ஒரே ஊரில் இரண்டு கோயில்களாக நிற்பது அபூர்வம். ஓரெஸ்டஸின் கையைப் பன்றியின் ரத்தத்தால் கழுவிய டெல்பியிலும் பழி முழுதும் நீங்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பரஞ்சோதியார் சொல்லும் மற்றொரு கதை ஈடிபஸுக்கு மிக அருகே வருகிறது. அவந்தி நகரத்து அந்தண இளைஞன் ஒருவன் தாயோடு கூடினான், தந்தையைக் கொன்றான். எந்தத் தீர்த்தமும் அவனைச் சுத்தமாக்கவில்லை. மதுரையில் இறைவன் வேடனாக வந்து வழி சொன்ன பிறகே மாபாதகம் தீர்ந்தது. ஈடிபஸ் அறியாமல் செய்தான், தன் கண்களைத் தானே குத்திக்கொண்டான். அவந்தி இளைஞன் அறிந்தே செய்தான், மன்னிக்கவும் பட்டான். கருணைக்கு எல்லை இல்லை என்று காட்டப் புராணம் மிகக் கொடிய குற்றத்தையே தேர்ந்தெடுத்தது. கொலையுண்ட தந்தையையும் அந்தத் தாயையும் பற்றி அது மேலே எதுவும் சொல்லாதது இன்றைய வாசகரை உறுத்தும்.

கோயிலுக்குள் அடங்காத பழி பூம்புகார்ப் பெண்ணுடையது. கோவலன் கொலைக்குக் கண்ணகி மதுரையை எரித்தது பழிவாங்கலின் உச்சம். அப்போதும் பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரைத் தீ தொடக்கூடாது என்று அவள் எல்லை வகுத்தாள். ஆனால் இளங்கோ அதற்கும் முன்னால் ஒரு கொலையை வைக்கிறார். முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்தில் இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அலைந்து அழுது, தனக்கு நேர்ந்தது அவனுக்கும் நேரட்டும் என்று சபித்து மலையிலிருந்து விழுந்து இறந்தாள். கிரேக்கப் பழி தலைமுறையிலிருந்து தலைமுறைக்குத் தாவுகிறது; இங்கே பிறவியிலிருந்து பிறவிக்கு. அட்ரியஸின் பாவத்தைப் பேரன் சுமக்கிறான், கோவலன் தன் பாவத்தைத் தானே சுமக்கிறான். அதே காப்பியத்தில் கூட்டுப் பழியும் உண்டு: கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான். ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர் இறந்ததைக் காப்பியம் சாந்தி என்று சொல்லிக் கடந்துபோகிறது. அந்த வரியில் நின்று யோசிக்காமல் போவது சரியல்ல.

கதையிலிருந்து கல்வெட்டுக்கு வந்தால் முதலில் நிற்பது உடையார்குடிச் சாசனம். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் சேவூர்ப் போருக்குப் பின் வீரபாண்டியன் தலை கொண்டவன் என்று பெயர் பெற்றான். வெட்டிய தலையைத் தன் நகரில் தூணில் ஏற்றியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. பின்னர் அவனே கொல்லப்பட்டான். கொலையாளிகளின் பெயர் தெரிவது, 985இல் அரியணை ஏறிய தம்பி முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணையால்தான். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டு சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது. அவர்களோடு தம்பிமார், மக்கள், பெரியப்பன்மார், மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர், மகளை மணந்தவர் என்று உறவுமுறை நீள்கிறது. அத்தனை பேர் சொத்தும் பறிமுதல். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபை அந்த நிலங்களை விற்க, ஒருவர் வாங்கிக் கோயில் சார்ந்த தருமத்துக்கு எழுதிவைத்தார்.

இந்தக் கொலை வீரபாண்டியனுக்கான பழிவாங்கலா? ரவிதாசனின் பட்டத்தில் பாண்டியரைக் குறிக்கும் பஞ்சவன் என்ற சொல் இருப்பது அந்த ஊகத்துக்கு இடம் தருகிறது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அதையே வரலாறு போல நிலைநிறுத்திவிட்டது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சந்தேகத்தை உத்தம சோழர் பக்கம் திருப்பினார், தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு காரணம் எதையும் சொல்லவில்லை. அது சொல்வது தண்டனையை மட்டுமே. அந்தத் தண்டனையில் இரண்டு செய்திகள் உண்டு. அந்தணர்களான கொலையாளிகளைக் கொன்றதாக ஒரு சொல்லும் அதில் இல்லை. பழி மாமன் வரை, மருமகன் வரை பாய்ந்திருக்கிறது. மகனையே தேர்க்காலில் இட்ட நீதியைப் போற்றிய அதே குலத்தின் ஆணை, குற்றம் செய்யாத உறவினரின் காணியையும் எடுத்துக்கொண்டது.

அரசியல் சாயல் இல்லாத சாவுகளில் சோழர் கால நடைமுறை வேறு. வேட்டைக்கு எய்த அம்பு ஆள்மேல் பட்டாலோ, வாய்ச்சண்டையில் தள்ளிவிட்டு ஒருவன் இறந்தாலோ, நாட்டாரும் சபையாரும் கூடிப் பேசினார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்தால் உயிருக்கு உயிர் கேட்கவில்லை. இறந்தவன் பெயரால் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கச் சொன்னார்கள். வரி கேட்டு நெருக்கியதால் ஒரு பெண் நஞ்சுண்டு இறந்த வழக்கிலும் நெருக்கியவன் விளக்குக்குக் காசு கொடுக்க நேர்ந்தது. ஒரு விளக்கு என்பது சிறிய பொறுப்பாக இருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு தட்டியதும் செத்ததும் போகக் குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். கொன்றவன் இறந்த பிறகும், அவன் பேரன் இறந்த பிறகும் அந்த நெய் வந்துகொண்டிருக்கும்.

கி.மு. 621இல் ஏதென்ஸின் டிராகோ எழுதிய கொலைச் சட்டத்தோடு இதை ஒப்பிடலாம். அங்கும் அறியாமல் செய்த கொலை தனியாகப் பிரிக்கப்பட்டது; கொன்றவன் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். வழக்குத் தொடுக்கவும் மன்னித்துத் திரும்ப அழைக்கவும் உரிமை இறந்தவனின் உறவினருக்கு. சோழநாட்டு முறையில் கொன்றவன் ஊரிலேயே இருந்தான். ஆனால் முடிவு சொன்னது ஊர்க்கூட்டம், ஆடு போனது கோயிலுக்கு. இறந்தவன் வீட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் விளக்கொளி தவிர வேறொன்றும் கிடைத்ததாக இவ்வகைக் கல்வெட்டுகள் பொதுவாகக் காட்டுவதில்லை. போரில் இறந்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்த காலம் அது என்பதால் இந்தக் குறை பெரிதாகவே தெரிகிறது. பழிவாங்கும் உரிமையை உறவினரிடமிருந்து எடுத்தது நல்லதுதான். அதோடு அவர்களுக்கு உரிய ஈட்டையும் எடுத்துவிட்டார்கள்.

அரச குலங்களுக்கு இடையே இந்தக் கட்டுப்பாடு செல்லவில்லை. மூன்றாம் குலோத்துங்கன் மதுரையில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, கழுதை பூட்டி உழுதான். 1219ஐ ஒட்டி முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, மாளிகைகளை இடித்துத் திருப்பிக் கொடுத்தான். பட்டினப்பாலை பாடிய புலவனுக்குக் கரிகாலன் அளித்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்ததாகத் திருவெள்ளறைக் கல்வெட்டு பெருமை கொள்கிறது. சோழ நாட்டிலேயே வீராபிடேகம் செய்துகொண்டு, பிறகு முடியைச் சோழனிடமே திருப்பித் தந்தான். அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் சோழர் ஆட்சியே முடிந்தது.

இவ்வளவு கதைகளிலும் ஒரு வரம்பு இருக்கிறது. அந்தணனைக் கொன்றால் பிரமகத்தி துரத்தும், வீரனைக் கொன்றால் வீரகத்தி, பசுவைக் கொன்றால் அரசனே தேரேறுவான். வயல்வேலை செய்தவனையோ தோல் தைத்தவனையோ கொன்றால் துரத்தி வர எந்த உருவத்தையும் புராணம் படைக்கவில்லை. அந்த இடத்தை நாட்டார் தெய்வங்கள் நிரப்பின. அந்தணப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்ட காத்தவராயன், பொம்மியைக் கொண்டுபோய், கடைசியில் மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் ஆகியோர் கொலையுண்ட பின் தாமே தெய்வமாகிப் பூசை கேட்டவர்கள். அவர்களுக்கு முன் நின்று பழிவாங்க எரினியர் வரவில்லை, அவர்களே வந்தார்கள். தஞ்சை, திருச்சிப் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் காத்தவராயன் கழுவேறும் கதை இரவு முழுவதும் பாடி நடிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் அதுவே காத்தவராயன் கூத்து. கழுமரத்தில் ஏறியவன் அங்கிருந்தே ஊருக்குத் திருநீறு கொடுக்கிறான். கொன்ற அரசனின் பெயரைச் சொல்லி அந்த ஊர்களில் யாரும் கோயில் கட்டவில்லை.